எண்ணாகத் தோன்றும் எழுத்து: ஹாஸ்கெல் நிரல்மொழியில் தமிழ்ச் சரங்கள்

நிரலாக்கம் கற்கத் தொடங்கும் தமிழ் மாணவர் ஒருவர், கணினி தம் மொழியை அறியுமா என்று சோதித்துப் பார்ப்பது இயல்பு. அவர் ஹாஸ்கெல் என்னும் நிரல்மொழியின் உரையாடல் சாளரத்தைத் திறக்கிறார். இரட்டை மேற்கோள் குறிகளுக்குள் "தமிழ்" என்று எழுதி உள்ளிடுகிறார். கணினி தரும் விடை இது:

"\2980\2990\3007\2996\3021"

எழுதியது தமிழ், வந்தது எண். இம்மொழிக்குத் தமிழ் தெரியாது என்று மாணவர் முடிவு செய்துவிடுகிறார். பள்ளி விழாவுக்கான பெயர்ப்பட்டியலைத் தமிழில் அச்சிட எண்ணியிருந்தவர், அதை ரோமன் எழுத்துக்கு மாற்றிக்கொண்டு வேலையை முடிக்கிறார். ஓர் எழுத்துமுறை புழக்கத்தை இழப்பது பெரும்பாலும் இப்படித்தான். யாரும் தடை விதிப்பதில்லை. ஒரு சிறு தடுமாற்றம், அதைத் தொடர்ந்து ஒரு தவறான முடிவு, அவ்வளவே.

முடிவு ஏன் தவறு? மேலே கண்ட எண்வரிசையில் ஒரு தமிழெழுத்தும் தொலையவில்லை. ஒவ்வோர் எண்ணும் ஒரு தமிழ்க் குறியீட்டைத் துல்லியமாகச் சுட்டி நிற்கிறது. விரும்பிய நேரத்தில் அதை எழுத்தாகத் திரும்பப் பெறலாம். எழுத்து உண்மையாகவே தொலையும் இடங்களும் உண்டு; ஆனால் அவை வேறு. தோற்றத்தில் மட்டும் மாறுவது எது, உண்மையில் அழிவது எது என்று பிரித்தறியக் கற்றுக்கொண்டவர் தமிழைக் கைவிட வேண்டியதில்லை. அந்தப் பிரித்தறிதலை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஒருங்குறியும் குறியெண்ணும்

1997ஆம் ஆண்டு சிங்கப்பூரில் நடைபெற்ற 'தமிழ்நெட் 97' மாநாட்டின் காலத்தை நினைவில் வைத்திருப்போர், அன்றைய இடர்ப்பாட்டை அறிவர். ஒவ்வோர் எழுத்துருவும் தனக்கென ஒரு குறியேற்றத்தைக் கொண்டிருந்தது. அனுப்பியவரிடம் இருந்த எழுத்துரு பெறுபவரிடம் இல்லையெனில், மடல் பொருளற்ற குறிகளின் குவியலாகத் தோன்றியது. ஒருங்குறி என்று நாம் அழைக்கும் யூனிகோட் முறை பரவியபின் அந்நிலை பெரிதும் மாறியது. உலக எழுத்துகள் அனைத்துக்கும் ஒரே எண்வரிசையில் இடம் ஒதுக்குவது அம்முறை. 1991இல் வெளிவந்த அதன் முதற்பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றது. தமிழுக்கென 2944 முதல் 3071 வரை 128 இடங்கள் கொண்ட ஒரு தொகுதி உண்டு. அவ்வெண்ணைக் குறியெண் என்று இங்கு வழங்குவோம்.

'தமிழ்' என்னும் சொல்லை இம்முறையில் பிரித்தால் ஐந்து குறியெண்கள் கிடைக்கின்றன. த என்பது 2980. ம என்பது 2990. இகர உயிர்க்குறி 3007. ழ என்பது 2996. மெய்யெழுத்தின் மேலிடும் புள்ளி 3021. மாணவர் திரையில் கண்டவை இவ்வைந்து எண்களே. ஒவ்வொன்றின் முன்னும் ஒரு பின்சாய்கோடு நிற்கிறது. அது 'அடுத்து வருவதை எண்ணாகக் கொள்ளாதே, எழுத்தாகக் கொள்' என்னும் அறிவிப்பு.

இதில் மற்றொரு செய்தியும் அடங்கியுள்ளது. நம் இலக்கணம் 'தமிழ்' என்பதை மூன்றெழுத்துச் சொல் என்கிறது. ஒருங்குறியோ அதை ஐந்தாக எண்ணுகிறது. உயிர்மெய்யைத் தனி எழுத்தாக அம்முறை வைக்கவில்லை. அகரமேறிய மெய்யையும் அதன் பின்வரும் குறியையும் தனித்தனியே வைத்துள்ளது. இவ்வேறுபாட்டின் விளைவைப் பின்னர்க் காண்போம்.

விடுபடுதொடர் என்பது என்ன?

நிரலில் வரும் எழுத்துக்கோவையைச் சரம் என்பர். சரத்தின் தொடக்கத்தையும் முடிவையும் இரட்டை மேற்கோள் குறி காட்டுகிறது. அப்படியானால் சரத்துக்குள்ளேயே ஒரு மேற்கோள் குறி வேண்டுமெனில் என்ன செய்வது? அதைக் கண்டதும் சரம் முடிந்துவிட்டதென்று கணினி கருதிவிடும். எனவே அக்குறியின் முன் ஒரு பின்சாய்கோடு இடப்படுகிறது. அது, பின்வரும் குறியை அதன் வழக்கமான கடமையினின்று விடுவிக்கிறது. இவ்வாறு பின்சாய்கோட்டில் தொடங்கும் குறிக்கூட்டத்தை நிரலர்கள் எஸ்கேப் தொடர் என்பர். நாம் விடுபடுதொடர் என்போம். பின்சாய்கோட்டையே எழுத வேண்டுமெனில் அதை இருமுறை எழுத வேண்டும்.

விசைப்பலகையில் இல்லாத எழுத்தையும் கண்ணுக்குத் தெரியாத குறியையும் சரத்தில் இடுவதற்கும் இதே வழி பயன்படுகிறது. எழுத்தின் குறியெண்ணை விடுபடுதொடராகத் தந்தால் போதும். நிரல்மொழிகள் பலவும் இவ்வெண்ணைப் பதினாறு அடிமான முறையில் கேட்கின்றன. அங்கே பின்சாய்கோட்டை அடுத்து 'யூ' என்னும் ரோமன் எழுத்தும், அதன்பின் நான்கு இலக்கங்களும் வரும். ஹாஸ்கெல் இயல்பாக ஏற்பது நாம் அன்றாடம் வழங்கும் பதின்ம எண்ணை. பதினாறு அடிமானம் வேண்டுவோர் 'எக்ஸ்' என்னும் எழுத்தையும், எட்டு அடிமானம் வேண்டுவோர் 'ஓ' என்னும் எழுத்தையும் முன்னே சேர்த்துக்கொள்ளலாம். இம்மொழி ஏற்கும் மிகப் பெரிய குறியெண் 1114111. அதுவே ஒருங்குறியின் எல்லையும் ஆகும்.

மதிப்பும் காட்சியும்

ஹாஸ்கெல் ஒரு செயற்கூற்று நிரல்மொழி. தர்க்கவியலாளர் ஹாஸ்கெல் கரி என்பாரின் பெயரைத் தாங்கியது. அதன் முதல் வரையறை 1990இல் வெளிவந்தது. இவ்வகை மொழிகளில் நிரல் என்பது கட்டளைகளின் அடுக்கன்று, செயற்கூறுகளின் கோவை. ஒரு செயற்கூறு ஒரு மதிப்பைப் பெற்று மற்றொரு மதிப்பைத் தரும். ஒரே உள்ளீட்டுக்கு எப்போதும் ஒரே விடை கிடைக்கும். எனவே எந்த இடத்தில் எழுத்து எண்ணாக மாறியது என்று கேட்டால், அம்மாற்றத்தைச் செய்த செயற்கூற்றைத் திட்டவட்டமாகச் சுட்டிக்காட்ட இயலும்.

அச்செயற்கூற்றின் பெயர் 'ஷோ'. எந்த மதிப்பையும் நிரலில் மீண்டும் எழுதத்தக்க வடிவில் காட்டுவது அதன் பணி. சரத்தைக் கொடுத்தால் மேற்கோள் குறிகளையும் சேர்த்தே காட்டும். 127க்கு மேற்பட்ட குறியெண் உடைய எழுத்து எதுவாயினும் அதை விடுபடுதொடராக்கிவிடும். தமிழுக்கு மட்டும் இந்நிலை என்று கருத வேண்டா; சீனம், அரபு, உருசியம், பிரெஞ்சு மொழியின் மேற்குறியிட்ட எழுத்துகள் ஆகிய அனைத்துக்கும் இதே நடைமுறைதான். விளைவு அழகாக இராது. ஆயினும் அது எந்தக் கோப்பின் வழியாகவும் எந்தக் கணினியின் வழியாகவும் சிதையாமல் செல்லும். மறுமுனையில் 'ரீட்' என்னும் செயற்கூறு அதை வாசித்து முந்தைய சரத்தை அப்படியே மீட்டுத் தரும்.

மாணவர் உரையாடல் சாளரத்தில் சரத்தை இட்டபோது, அவர் கேளாமலே சாளரம் 'ஷோ'வை அழைத்தது. எண்கள் தோன்றியது அதனால்தான். சரத்தை நேரடியாக அச்சிடும் செயற்கூற்றை அவர் அழைத்திருந்தால் 'தமிழ்' என்றே திரையில் தோன்றியிருக்கும். சரத்தின் மதிப்பு ஒன்றே. அதன் காட்சிதான் இரண்டு.

இவ்வேறுபாட்டை மறந்தால் நேரும் பிழை ஒன்றுண்டு. சரம் ஏற்கெனவே எழுத்து வடிவில் உள்ளது. அதைக் கோப்பில் எழுதுமுன் 'ஷோ'வை அழைக்கத் தேவையில்லை. பழக்கத்தால் சிலர் அழைத்துவிடுவர். கோப்பில் தமிழுக்குப் பதில் எண்கள் சேரும். அக்கோப்பை வாசிக்கும் மற்றொரு நிரலும் அவ்வாறே செய்தால், ஒரு பின்சாய்கோடு இரண்டாகும். மூன்றாம் முறை நான்காகும். பின்சாய்கோடுகள் இரட்டித்து நிற்கும் கோப்பைக் கண்டால், எத்தனை முறை தேவையின்றி மாற்றம் நடந்தது என்பதை அவற்றை எண்ணியே கணிக்கலாம். அத்தனை முறை 'ரீட்' செயற்கூற்றைச் செலுத்தினால் தமிழ் மீண்டுவரும். இங்கும் எழுத்து தொலையவில்லை, அடுக்கடுக்காகப் பொதியப்பட்டிருக்கிறது.

ஒலியில்லாத ஒரு குறி

பதின்ம எண்ணை ஏற்பதால் ஹாஸ்கெலில் ஒரு சிக்கல் எழுகிறது. இரண்டாம் தாளுக்கான தலைப்பாகத் 'தமிழ்' என்பதை அடுத்து 2 என்னும் இலக்கத்தை இட வேண்டுமெனக் கொள்வோம். புள்ளியின் குறியெண் 3021. அதையடுத்து 2 வந்தால் \30212 என்றாகும். கணினி இதை எப்படிப் படிக்கும்? விடுபடுதொடரில் எத்தனை இலக்கங்கள் வரலாம் என்னும் வரம்பு ஹாஸ்கெலில் இல்லை. தொடர்ந்து வரும் இலக்கங்கள் அனைத்தையும் அது ஒரே எண்ணாகக் கொள்ளும். 30212 என்பது சீன எழுத்துத் தொகுதிக்குள் விழும் ஓர் எண். புள்ளியும் இலக்கமும் மறைந்து, அவ்விடத்தில் ஒரு சீன எழுத்து நிற்கும். எந்த எச்சரிக்கையும் வராது.

இலக்கத்துக்குப் பதில் 2025 என்னும் ஆண்டை அடுத்து எழுதினால் எண் எல்லையைக் கடந்துவிடும். நிரல்பெயர்ப்பி பிழையென்று அறிவித்து நின்றுவிடும். அறிவித்து நிற்கும் பிழையைத் திருத்திவிடலாம். ஓசையின்றி எழுத்தை மாற்றும் பிழையே கொடிது.

இதைத் தவிர்க்க மொழியை வடிவமைத்தோர் ஒரு சிறப்புக் குறியை வைத்தனர். பின்சாய்கோட்டை அடுத்து உம்மைக்குறி வரும் அத்தொடர் எந்த எழுத்தையும் குறிப்பதில்லை. முன்னுள்ள எண் அங்கே முடிந்தது என்று காட்டுவதே அதன் வேலை:

"\2980\2990\3007\2996\3021\&2"

தமிழறிந்தோர்க்கு இது விந்தையாகத் தோன்றாது. இரண்டு உயிர்கள் அடுத்தடுத்து வந்து மோதாதவாறு இடையில் நின்று காக்கும் உடம்படுமெய்யை நாம் அறிவோம். அம்மெய் சொற்பொருளில் எதையும் கூட்டுவதில்லை. இடையில் நிற்பதே அதன் பயன். இக்குறியும் அத்தகையதே. உடம்படுமெய்க்காவது ஒலி உண்டு. இதற்கு அதுவும் இல்லை.

'ஷோ' செயற்கூறு இக்குறியைத் தேவைப்படும் இடத்தில் தானே சேர்த்துவிடும். தாமே விடுபடுதொடர்களை உருவாக்கி ஒட்டும் நிரலர்கள்தாம் இதை மறந்துவிடுகின்றனர். பெயருக்குப் பின் வகுப்பு எண், தலைப்புக்குப் பின் ஆண்டு என்று எழுத்தும் இலக்கமும் நெருங்கி நிற்கும் பட்டியல்களில் இப்பிழை வெளிப்படும்.

ஒன்றுபோல் தோன்றும் மூன்று பெயர்கள்

இதுவரை விடுபடுதொடரை ஓர் இடையூறாகவே பார்த்தோம். தமிழைப் பொறுத்தவரை அது ஒரு பெருந்துணையும் ஆகும். கண்ணால் காண முடியாத வேறுபாட்டை அது வெளிக்காட்டுகிறது.

கௌரி என்னும் பெயரைக் கருதுவோம். அதைக் கணினியில் மூன்று வகையாக உள்ளிட இயலும். முறையான வடிவில் ககரத்தை அடுத்து ஔகார உயிர்க்குறி ஒரே குறியெண்ணாக வரும்:

"\2965\3020\2992\3007"

இரண்டாம் வகையில் அவ்வுயிர்க்குறி இரண்டாகப் பிரிந்து, முன்னே எகரக் குறியும் பின்னே ஔகாரத்தின் வலப்பகுதிக்கென ஒதுக்கப்பட்ட குறியும் ஆக வரும்:

"\2965\3014\3031\2992\3007"

மூன்றாவது, பிழையான தட்டச்சால் வருவது. ககரத்துடன் எகரக் குறியைச் சேர்த்து, ஔகாரத்தின் வலப்பகுதிக்குப் பதிலாக ளகர எழுத்தையே இட்டுவிடுவது:

"\2965\3014\2995\2992\3007"

அச்சிட்டுப் பார்த்தால் மூன்றும் ஏறத்தாழ ஒன்றுபோலவே தோன்றும். கணினிக்கோ மூன்றும் வெவ்வேறு சரங்கள். ஒரு மாணவியின் பெயர் சேர்க்கைப் பட்டியலில் முதல் வகையிலும், மதிப்பெண் பட்டியலில் மூன்றாம் வகையிலும் இருந்தால், இரண்டையும் ஒப்பிடும் நிரல் அவரை இருவராகக் கொள்ளும். அவருடைய மதிப்பெண் அவரைச் சென்று சேராது. திரையில் எத்தனை முறை உற்றுநோக்கினாலும் காரணம் புலப்படாது. 'ஷோ'வின் விடையைப் பார்த்தால் ஒரு நொடியில் விளங்கிவிடும்.

முதலிரு வகைகளும் ஒன்றே என்று ஒருங்குறித் தரம் வரையறுத்துள்ளது. சீர்மையாக்கம் என்னும் செயல்முறை இரண்டாம் வகையை முதல் வகையாக மாற்றிவிடும். அதற்கான நிரலகங்கள் ஹாஸ்கெலில் உள்ளன. ஒகர, ஓகார உயிர்க்குறிகளுக்கும் இதே தீர்வு பொருந்தும். கொடி என்னும் சொல்லில் ஒகரக் குறி 3018 என ஒன்றாகவும் வரலாம். 3014, 3006 என இரண்டாகவும் வரலாம். சீர்மையாக்கம் இரண்டையும் ஒன்றாக்கும்.

மூன்றாம் வகையை அது தீர்க்காது. ளகரம் ஒரு முழு எழுத்து. அதை ஔகாரத்தின் பகுதியாகக் கொள்ளக் கணினிக்கு அதிகாரம் இல்லை. ஔவையார் என்னும் பெயரின் முதலெழுத்தை ஒகரமும் ளகரமுமாக எழுதிவிடுவதும் இவ்வகைப் பிழையே. இதைத் திருத்த மொழியறிவு வேண்டும். சீர்மையாக்கத்துக்குப் பின்னும் ஒன்றுசேராத பெயர்களைத் தொகுத்து, அவற்றின் குறியெண்களை அருகருகே வைத்து, தமிழறிந்த ஒருவர் சரிபார்ப்பதே தக்க வழி.

குறியெண் வேறு, பைட்டு வேறு

பின்சாய்கோட்டை அடுத்து வரும் எண் எல்லா மொழிகளிலும் ஒரே பொருளைத் தருவதில்லை. ஓகேமல் என்பதும் ஒரு செயற்கூற்று நிரல்மொழியே. அங்கே சரம் என்பது எழுத்துகளின் வரிசையன்று, பைட்டுகளின் வரிசை. தமிழெழுத்து ஒன்றை யூடிஎஃப்-8 என்னும் முறையில் சேமிக்க மூன்று பைட்டுகள் வேண்டும். எனவே தகரத்தை விடுபடுதொடராக்கும்படி ஓகேமலைக் கேட்டால் இவ்வாறு தரும்:

\224\174\164

ஹாஸ்கெல் தந்த 2980 என்பதும் இம்மூன்று எண்களும் குறிப்பது ஒரே தகரத்தைத்தான். முன்னது எழுத்தின் எண். பின்னவை அதைச் சேமித்த பைட்டுகளின் எண்கள். எர்லாங் என்னும் மற்றொரு மொழியின் மரபான சரமோ எண்களின் பட்டியலே. அதில் 'தமிழ்' என்பது 2980, 2990, 3007, 2996, 3021 என்னும் ஐந்து எண்களாகவே நிற்கும்.

ஓகேமல் தந்த தொடரை எடுத்து ஹாஸ்கெல் சரத்தில் ஒட்டினால் என்ன நேரும்? ஹாஸ்கெல் அவற்றை மூன்று குறியெண்களாகக் கொள்ளும். 224 என்பது மேற்குறியிட்ட ஒரு ரோமன் எழுத்து. 174 என்பது வணிகச்சின்னப் பதிவைக் காட்டும் வட்டக்குறி. 164 என்பது பொதுவான நாணயக் குறி. தமிழ் மடல்களும் வலைப்பக்கங்களும் சிதைந்து தோன்றும்போது வட்டக்குறி திரும்பத் திரும்ப வருவதைப் பலர் கண்டிருப்பர்; அதன் காரணம் இதுவே. தமிழ்த் தொகுதியின் முற்பாதியில் உள்ள எழுத்துகள் அனைத்தும் 224, 174 என்னும் பைட்டுகளுடன் தொடங்குகின்றன. பைட்டுகளை எழுத்துகளென்று யாரோ தவறாகக் கொண்டதன் அடையாளம் அவ்வட்டக்குறி.

முனையத்தின் குறியேற்றம் யூடிஎஃப்-8 என்று அமையாத கணினிகளில், தமிழ்ச் சரத்தை அச்சிட முற்படும் ஹாஸ்கெல் நிரல் பிழைச்செய்தி தந்து நின்றுவிடுவதும் உண்டு. வெளியீட்டு வாயிலின் குறியேற்றம் யூடிஎஃப்-8 என்று நிரலின் தொடக்கத்திலேயே அறிவித்துவிட்டால் இத்தடை நீங்கும்.

மீட்கும் செயற்கூறும் முந்திரியும்

இணையத்தில் தகவலைப் பரிமாறப் பெரிதும் பயன்படும் வடிவம் ஜேசன். அதில் தமிழை நேரடியாகவே எழுதலாம். ஆயினும் பல நிரல்கள் முன்னெச்சரிக்கையாக அதைப் பதினாறு அடிமான விடுபடுதொடர்களாக மாற்றியே அனுப்புகின்றன. அவற்றை எழுத்தாக மீட்கும் செயற்கூறு ஒன்றை எழுதுவது நல்ல பயிற்சி. செயற்கூற்று மொழியில் அதை இலக்கண விதிகள்போல் வகைப்படுத்தி எழுதலாம்.

முதல் விதி: சரம் வெறுமையாயின் விடையும் வெறுமை. இரண்டாம் விதி: பின்சாய்கோடும் 'யூ' எழுத்தும் நான்கு இலக்கங்களும் வந்தால், அவ்வெண்ணுக்குரிய எழுத்தை இட்டு எஞ்சியதைத் தொடர்க. மூன்றாம் விதி: பின்சாய்கோட்டை அடுத்து வேறு குறி வந்தால், அதற்குரிய பொருளை இட்டுத் தொடர்க. நான்காம் விதி: மற்ற எழுத்து எதுவாயினும் அப்படியே வைத்துத் தொடர்க.

சரத்தை இடமிருந்து வலமாக ஒரே முறை படித்துச் செல்ல வேண்டும் என்பது இவ்விதிகளின் உயிர்நாடி. அவ்வாறன்றித் தேடி மாற்றும் முறையைக் கையாண்டால், இரட்டைப் பின்சாய்கோட்டின் இரண்டாவது கோட்டையும் அடுத்து வரும் 'யூ' எழுத்தையும் சேர்த்து விடுபடுதொடர் என்று தவறாகக் கொள்ள நேரும்.

இச்செயற்கூறு நம் அன்றாடத் தமிழெழுத்துகள் அனைத்தையும் சரியாக மீட்கும். சோதனைகள் யாவும் வெற்றி பெறும். ஆயினும் ஒரு குறை ஒளிந்திருக்கிறது. 2019இல் வெளிவந்த ஒருங்குறி 12.0 பதிப்பில், தமிழுக்கெனத் துணைத்தொகுதி ஒன்று சேர்க்கப்பட்டது. பழந்தமிழர் வழங்கிய பின்னங்கள், அளவைகள் முதலியவற்றுக்கான 51 குறிகள் அதில் உள்ளன. 320இல் ஒரு பங்கைக் குறிக்கும் முந்திரியின் குறியெண் 73664. நான்கு பதினாறு அடிமான இலக்கங்களில் எழுதத்தக்க மிகப் பெரிய எண் 65535. முந்திரி அதற்குள் அடங்காது.

இத்தகைய எழுத்துகளை ஜேசன் வடிவம் இரண்டு விடுபடுதொடர்களாகப் பிரித்து எழுதும். முந்திரி 55303, 57280 என்னும் இரு பாதிகளாக வரும். தனித்தனியே அவை எந்த எழுத்தும் அல்ல. முதற்பாதியிலிருந்து 55296ஐக் கழித்து 1024ஆல் பெருக்க வேண்டும். இரண்டாம் பாதியிலிருந்து 56320ஐக் கழித்துக் கூட்ட வேண்டும். அத்துடன் 65536ஐச் சேர்க்க வேண்டும். அதாவது 7168, 960, 65536 ஆகியவற்றின் கூட்டுத்தொகை 73664. இணைசேர்க்கும் இவ்விதியை இரண்டாம் விதிக்கு முன் வைத்தாலன்றி, இரு பாதிகளும் சரத்தில் தனித்தனியே நிற்கும். ஹாஸ்கெலில் பெரிதும் வழங்கும் 'டெக்ஸ்ட்' நிரலகத்துக்கு அவற்றை அனுப்பினால், ஒவ்வொன்றையும் 65533 என்னும் மாற்றுக்குறியாக்கிவிடும். திரையில் இரண்டு வினாக்குறிக் கட்டங்கள் தோன்றும். அதன்பின் முந்திரியை மீட்க வழியே இல்லை.

எழுத்து உண்மையாகவே தொலைவது இங்கேதான். பழைய நிலப்பதிவையோ கணக்குச் சுவடியையோ மின்வடிவாக்கும் ஒருவரின் உழைப்பு, ஒரு விதி விடுபட்டதால் பாழாகலாம். ஆகவே பயிற்சிக்கு நாமே எழுதினாலும், பொறுப்பான பணிக்கு நன்கு சோதிக்கப்பட்ட நிரலகத்தைக் கையாள்வதே முறை. ஜேசனுக்கு 'ஏசன்' என்னும் நிரலகம் இவ்விணைகளைச் சரியாகவே சேர்க்கிறது. உள்ளீடு பிழையாயின் எதையாவது இட்டு நிரப்பாமல், 'விடை உண்டு' அல்லது 'பிழை' என்று வகைப்படுத்திச் சொல்லும் வசதியையும் செயற்கூற்று மொழிகள் தருகின்றன. 'ரீட்' செயற்கூறு பிழையான உள்ளீட்டில் நிரலையே நிறுத்திவிடும். அதன் மாற்றான 'ரீட்மேபி' விடையின்மையை ஒரு மதிப்பாகத் தரும். அதை ஆய்ந்து அடுத்த அடியை முடிவு செய்வது நம் கையில் இருக்கும்.

எழுத்தை எண்ணும் முறை

விடுபடுதொடரை மீட்டபின்னும் ஒரு கவனம் தேவை. 'தமிழ்' என்னும் சரத்தின் நீளத்தைக் கேட்டால் ஹாஸ்கெல் 5 என்று சொல்லும். முதல் நான்கை எடுக்கச் சொன்னால் புள்ளியை இழந்து 'தமிழ' என்று தரும். தலைகீழாக்கச் சொன்னால் புள்ளி முன்னே வந்து நிற்கும். மகரத்துக்குரிய இகரக் குறி ழகரத்தோடு ஒட்டி 'ழி' என்றாகிவிடும். சான்றிதழில் இடம் போதாதென்று பெயரை இத்தனை குறியெண்களுடன் வெட்டும் நிரல், மெய்யை உயிர்மெய்யாக்கிப் பெயரையே மாற்றிவிடக்கூடும்.

இதற்கு எளிய தீர்வு உண்டு. உயிர்க்குறிகளையும் புள்ளியையும் சார்குறிகள் என்று ஒருங்குறி வகைப்படுத்தியுள்ளது. ஒரு குறியெண் அவ்வகையைச் சார்ந்ததா என்று சொல்லும் செயற்கூறு ஹாஸ்கெலில் உண்டு. ஓர் எழுத்தையும் அதைத் தொடரும் சார்குறிகளையும் ஒரு கூட்டாகச் சேர்த்தால் த, மி, ழ் என்னும் மூன்று கூட்டுகள் கிடைக்கும். வெட்டுதல், எண்ணுதல், தலைகீழாக்கல் ஆகியவற்றை அக்கூட்டுகளின் மீது செய்தால் இலக்கணம் கூறும் எழுத்தும் கணினி எண்ணும் எழுத்தும் ஒன்றாகிவிடும். க்ஷ போன்ற கூட்டெழுத்துகளுக்கு மட்டும் தனி விதி சேர்க்க வேண்டும்.

நிறைவாக

கூறியவற்றைத் தொகுத்துப் பார்ப்போம். தமிழ் எழுத்து எண்ணாக மாறுவது நிரலின் எல்லைகளில் மட்டுமே நிகழ வேண்டும். தகவல் உள்ளே வரும் வாயிலில் விடுபடுதொடரை ஒரே முறை எழுத்தாக்கி, சீர்மையாக்கமும் செய்துவிட வேண்டும். உள்ளே நடக்கும் பணிகள் யாவும் எழுத்தைக் கொண்டே நடக்க வேண்டும். வெளியேறும் வாயிலில், பெறுபவர் கேட்கும் வடிவில் ஒரே முறை மாற்றித் தர வேண்டும். இடையில் எங்கும் மாற்றம் கூடாது. ஐயம் எழும்போது 'ஷோ'வை அழைத்துக் குறியெண்களைப் பார்க்கலாம். ஆனால் அதன் விடையைச் சேமிக்கலாகாது.

ஒரு சரத்தை 'ஷோ'வில் இட்டு, விடையை 'ரீட்'டில் இட்டால், தொடங்கிய சரமே திரும்பி வர வேண்டும். 2000ஆம் ஆண்டில் ஹாஸ்கெல் உலகத்தில் அறிமுகமான 'குவிக்செக்' என்னும் கருவி, இத்தகைய பண்பை ஏராளமான சரங்களைத் தானே உருவாக்கிச் சோதித்துக் காட்டும். நாமே எழுதும் மாற்றச் செயற்கூறுகளையும் அவ்வாறு சோதிக்கலாம். அச்சோதனையில் தமிழ்ச் சரங்களையும், இலக்கம் தொடரும் தமிழ்ச் சரங்களையும், முந்திரியையும் சேர்த்துவிட்டால், இங்கே பேசிய பிழைகளுள் எழுத்தைத் தொலைப்பவை பெரும்பாலும் நிரல் பயன்பாட்டுக்கு வருமுன்பே அகப்பட்டுவிடும்.

முதலில் கண்ட மாணவரிடம் திரும்புவோம். திரையில் எண்களைக் கண்ட அவருக்கு நாம் சொல்ல வேண்டியது ஒன்றே: கணினி உங்கள் சொல்லை ஏற்றுக்கொண்டது, ஐந்து குறியெண்களையும் பிழையின்றி வைத்திருக்கிறது, அச்சிடும் செயற்கூற்றை அழையுங்கள், தமிழ் வரும். அதை உரிய நேரத்தில் சொல்ல ஒருவர் இருந்தால், அந்தப் பெயர்ப்பட்டியல் தமிழிலேயே அச்சேறும்.